கியோன் விழாவும் யசாகாக் கோயிலும்

ஜப்பான் நாட்டின் பழைய தலைநகராகிய கியோத்தோவில், சிஜோ என்னும் பெருந்தெருவின் கிழக்கெல்லையில் யசாகா என்னும் ஷின்டோக் கோயில் அமைந்துள்ளது. ஆண்டிறுதி இரவில் ஆங்கு மூட்டப்பெறும் தூய நெருப்பை மக்கள் கயிற்று நுனியில் ஏந்தித் தம் இல்லத்து அடுப்பிற்குக் கொண்டு செல்வர். ஜூலைத் திங்கள் முழுவதும் கியோன் விழா நிகழும். கோயிலின் பெயர் யசாகா. விழாவின் பெயரோ கியோன். இவ்வேறுபாடு தோன்றிய வரலாறு ஆராயத்தக்கது.

கியோன் என்னும் சொல், புத்தர் தங்கி அறமுரைத்த சிராவத்தி நகரத்து ஜேதவனத்தைக் குறிக்கும் சீனத் தொடரின் சுருக்கமாகும். முற்காலத்தில் கோயிலும் இப்பெயராலேயே வழங்கிற்று. ஆங்கு வழிபடப்பெற்ற கோசு தென்னோ, ஜேதவனத்தின் காவல் தெய்வமாகவும் கொள்ளைநோயை அடக்க வல்லவராகவும் கருதப்பட்டார். 869ஆம் ஆண்டில் நோய் பரவியபோது, நாட்டின் மாகாணங்களின் தொகைக்கேற்ப 66 ஈட்டிகளை நாட்டி வழிபட்டதே விழாவின் தோற்றம் எனக் கோயில் மரபு கூறும்.

1467 முதல் 1477 வரை நிகழ்ந்த ஓனின் போரில் நகரம் எரிந்தழிந்தது, விழாவும் தடைப்பட்டது. 1500இல் தேர் ஊர்வலம் மீண்டும் தொடங்கிற்று. 1533இல் கோயிற் சடங்குகளை நிறுத்துமாறு ஆட்சியாளர் ஆணையிட்டனர். அப்பொழுது நகரமக்கள், சடங்கு நிகழாவிடினும் ஊர்வலத்தை நடத்த விழைவதாகத் தெரிவித்தனர். தேர்களைக் கட்டுவோரும் பேணுவோரும் அவ்வத் தெருமக்களே என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

1868இல் மெய்ஜி அரசு ஷின்டோ வழிபாட்டினின்று பௌத்தத்தைப் பிரிக்க முற்பட்டது. விலக்கத்தக்க கடவுட் பெயர்களுக்குச் சான்றாகக் கோசு தென்னோ என்பதை அதன் ஆணையே சுட்டிற்று. முன்னரே அவரோடு ஒன்றாக எண்ணப்பட்ட சுசனோ கோயிலின் இறைவராக நிலைபெற்றார். இடப்பெயராகிய யசாகா கோயிற் பெயராயிற்று. ஆயினும் விழாவின் பெயர் மாறவில்லை. கோயிலை ஒட்டிய பகுதியும் இன்றளவும் கியோன் என்றே வழங்குகின்றது.

நோய் தீர்க்க எழுந்த இவ்விழாவின் தேர் ஊர்வலம், 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் கொரோனாத் தொற்றால் நிறுத்தப்பட்டு, 2022இல் மீண்டும் நிகழ்ந்தது. அரசாணை கோயிலின் பெயரை மாற்றியது. தெருமக்கள் கையிலிருந்த விழாவின் பெயரை மாற்ற இயலவில்லை. ஆகலின், ஒரு கோயிலின் வரலாற்றை ஆராய்வோர் ஆணைகளோடு நில்லாது, விழாவையும் அதனை நடத்துவோரையும் சான்றாகக் கொள்ளுதல் வேண்டும்.