தமிழ்நாடு காங்கிரசில் மிதவாத – முற்போக்குத் தலைமைப் போட்டி

தமிழ்நாடு காங்கிரசின் தலைமை யாருக்கு என்பதில் 1907 முதல் 1970களின் நடுப்பகுதி வரை அணி அணியாக நடந்த மோதல்களின் வரலாறு இது. மிதவாதி, தீவிரவாதி, மாறுதல் வேண்டாதவர், முற்போக்காளர், பிற்போக்காளர் என்று அந்தந்தக் காலத்துக்கு ஒரு பட்டம் சூட்டப்பட்டது. பட்டம் ஒரே ஆளிடம் நிலையாக இருந்ததில்லை. இளமையில் தீவிரவாதியாக இருந்த ராஜாஜி பிற்காலத்தில் பழமைவாதத்தின் முகமாகப் பார்க்கப்பட்டார். அவரை வீழ்த்தி முற்போக்கின் அடையாளமான காமராஜரையோ 1969இல் அவருடைய கட்சியினரே பிற்போக்குக் கும்பலில் சேர்த்துப் பேசினார்கள். கொள்கையை மட்டும் வைத்து இந்த வரலாற்றைப் படிப்பவருக்குப் பாதிதான் விளங்கும். சாதியும் கமிட்டி ஓட்டுக் கணக்கும் மீதிப் பாதி.

தொடக்கம் சூரத். 1906 கல்கத்தா மாநாட்டில் தாதாபாய் நௌரோஜி தலைமையில் சுயராஜ்யம், சுதேசி, பகிஷ்காரம், தேசியக் கல்வி ஆகியவை தீர்மானங்களாயின. அவற்றை மிதவாதிகள் கைவிட்டுவிடுவார்கள் என்ற ஐயம் தீவிரவாதிகளான திலகர் அணிக்கு. நாகபுரியில் நடக்கவேண்டிய 1907 மாநாட்டை மிதவாதிகள் தங்களுக்குச் செல்வாக்குள்ள சூரத்துக்கு மாற்றினார்கள். தலைவர் நாற்காலிக்கு ராஷ் பிகாரி கோஷ் முன்மொழியப்பட்டதும் கூச்சல் எழுந்தது. மேடையை நோக்கிப் பறந்து வந்த செருப்பு சுரேந்திரநாத் பானர்ஜி, பிரோஸ்ஷா மேத்தா இருவர் மேலும் பட்டது. நாற்காலிகள் உடைந்தன, மாநாடு கலைந்தது. சென்னை மாகாணத்திலிருந்து போய்த் திலகர் பக்கம் நின்றவர்களில் வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய பாரதியும் இருந்தார்கள்.

சென்னையில் அன்றைய மிதவாதிகளின் முக்கிய முகம் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசுவாமி ஐயர். பாரதியின் அரசியலை ஏற்காத அவரே அதே 1907இல் பாரதியின் சுதேச கீதங்களைத் தம் செலவில் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். அந்தப் பகைமை அவ்வளவு நயமானது. பின்னால் வந்த கோஷ்டிச் சண்டைகளில் இப்படி ஒரு காட்சியைத் தேடிப் பார்க்கவேண்டும். 1908இல் வ.உ.சி. சிறை சென்றார், பாரதி புதுச்சேரி சென்றார். அந்த ஆண்டுக் காங்கிரஸ் சென்னையிலேயே கூடியபோது எதிர்த்துப் பேசத் தீவிரவாதிகள் யாரும் மிச்சமில்லை.

காந்தியின் வருகைக்குப் பின் கோடுகள் மாறின. 1922 கயா மாநாட்டில் சட்டசபைக்குள் போய்ப் போராடலாம் என்றார் சி.ஆர். தாஸ். கூடாது என்ற அணிக்கு ராஜாஜி தலைமை ஏற்று வென்றார். தாஸ் விலகிச் சுயராஜ்யக் கட்சி கண்டார். தமிழ்நாட்டில் எஸ். சீனிவாச ஐயங்காரும் எஸ். சத்தியமூர்த்தியும் அந்தப் பக்கம் போனார்கள். பல ஆண்டுகள் நீடித்த ராஜாஜி – சத்தியமூர்த்தி பூசலுக்கு விதை இங்கே விழுந்தது.

இன்னொரு விரிசல் இதைவிட ஆழமானது. வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி என்ற விவகாரத்தை டாக்டர் பி. வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ. ராமசாமியும் கட்சிக்குள் கொண்டுவந்தார்கள். 1925 நவம்பரில் காஞ்சிபுரத்தில் திரு.வி.க. தலைமையில் கூடிய மாகாண மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டது. ஈ.வெ.ரா. வெளியேறினார். காங்கிரஸ் அன்று ஒரு தலைவரை மட்டும் இழக்கவில்லை. சமூகச் சீர்திருத்தம் என்ற களத்தையே வெளியே இருந்தவர்களுக்கு விட்டுக்கொடுத்தது. அதைப் பின்னால் பகுதியளவுக்கு மீட்டவர் காமராஜர்.

1936இல் சத்தியமூர்த்தி மாகாணக் கமிட்டித் தலைவரானபோது காமராஜர் செயலாளர். 1937 தேர்தலில் காங்கிரஸ் 215 இடங்களில் 159ஐப் பிடித்தது. ராஜாஜி பிரதமரானார் (மாகாண முதல்வருக்கு அன்றைய பெயர் அதுதான்). தேர்தலுக்கு ஓடி ஓடி உழைத்த சத்தியமூர்த்திக்கு மந்திரிசபையில் இடமில்லை. ஆனால் இதை மிதவாதம், முற்போக்கு என்று பிரித்துவிட முடியாது. தேவதாசி முறை ஒழிப்பை எதிர்த்தவர் சத்தியமூர்த்தி. 1939இல் ஆலயப் பிரவேசத்துக்குச் சட்டக் காப்பு தந்தது ராஜாஜி அரசு. அதே அரசுதான் கட்டாய இந்தியைக் கொண்டுவந்து கடும் எதிர்ப்பைச் சம்பாதித்தது.

1940இல் கமிட்டித் தலைவர் தேர்தல் வந்தது. ராஜாஜி அணி சி.பி. சுப்பையாவை நிறுத்தியது, சத்தியமூர்த்தி அணி காமராஜரை. காமராஜருக்கு 103, சுப்பையாவுக்கு 100. மூன்று ஓட்டு. பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்ட விருதுநகர்த் தொண்டர் ஒருவர் வக்கீல்களின் கட்சிக்குத் தலைவரானது இந்த மூன்று ஓட்டில்தான். அடுத்த 14 ஆண்டுகளில் சிறு இடைவெளி தவிர அந்த நாற்காலி அவரிடமே இருந்தது.

அதே காலத்தில் சத்தியமூர்த்தி சென்னை மேயர். நகரின் குடிநீருக்காகக் கொசஸ்தலையாற்றின் குறுக்கே பூண்டியில் நீர்த்தேக்கம் அமைய முன்நின்றார். 1943 மார்ச்சில் அவர் காலமானார், அணை 1944இல் முடிந்தது. அதற்கு அவர் பெயரே நிலைத்தது. கோஷ்டித் தலைவர்களில் இப்படி ஊருக்குப் பயன்பட்டுப் பெயர் வாங்கியவர்கள் குறைவு.

1942இல் பாகிஸ்தான் கோரிக்கையைக் கொள்கையளவில் ஏற்று முஸ்லிம் லீகுடன் பேசவேண்டும் என்ற ராஜாஜியின் யோசனையை அலகாபாத்தில் கூடிய அகில இந்தியக் கமிட்டி நிராகரித்தது. அவர் கட்சியை விட்டு விலகினார். ‘வெள்ளையனே வெளியேறு’ என்ற ஆகஸ்டு போராட்டத்திலும் அவர் இல்லை. காமராஜரோ 1945 வரை சிறையில் இருந்தார். வெளியே வந்தபோது ராஜாஜி மீண்டும் கட்சிக்குள் வரும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. சிறை சென்ற தொண்டர்கள் கொதித்தார்கள். திருப்பரங்குன்றத்தில் கூடிய மாநாடு ராஜாஜிக்கு எதிராக நின்றது. 1946இல் சென்னை வந்துபோன காந்தி, ராஜாஜியை ஒரு சிறு கூட்டம் எதிர்க்கிறது என்ற பொருளில் ‘ஹரிஜன்’ இதழில் எழுதினார். மனம் நொந்த காமராஜர் தேர்தல் வேலைகளுக்கான பார்லிமெண்டரி போர்டிலிருந்து விலகினார். காந்தியே சொல்லியும் ராஜாஜிக்குத் தலைமை கிடைக்கவில்லை. அந்த ஆண்டு சட்டமன்றக் கட்சி டி. பிரகாசத்தைத் தேர்ந்தெடுத்தது. காமராஜர் நிறுத்திய சி.என். முத்துரங்க முதலியார் தோற்றார். அடுத்தடுத்து ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரும் குமாரசாமி ராஜாவும் வந்தார்கள். தலைவரை நியமிப்பதும் இறக்குவதும் கமிட்டியின் கையில் இருந்த காலம் இது.

1952 தேர்தலில் காங்கிரசுக்கு 375இல் 152 இடங்களே கிடைத்தன. கம்யூனிஸ்டுகள் தலைமையிலான கூட்டணியைத் தடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. ராஜாஜி மேலவைக்கு நியமிக்கப்பட்டு முதல்வரானார். தேர்தலில் நிற்காதவர் முதல்வரானது குறித்து அன்று கேள்விகள் எழுந்தன. அவரைச் சாய்த்தது 1953ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்வித் திட்டம். கிராமப் பள்ளியில் பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் வீட்டுத் தொழில். எதிர்த்தவர்கள் அதைக் குலக்கல்வி என்றார்கள். தி.க.வும் தி.மு.க.வும் தெருவில் எதிர்த்தன. காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்களில் பலர் உள்ளே எதிர்த்தார்கள். 1953 அக்டோபரில் ஆந்திரா பிரிந்தபின் சட்டமன்றக் கணக்கும் மாறிவிட்டது.

1954 மார்ச்சில் ராஜாஜி உடல்நலத்தைக் காரணம் காட்டிப் பதவி விலக முடிவெடுத்தார். தலைவர் தேர்தலில் காமராஜரின் பெயரை முன்மொழிந்தவர் சேரன்மாதேவிப் பிரச்சினையை முப்பது ஆண்டுகளுக்குமுன் கட்சிக்குள் எழுப்பிய அதே வரதராஜுலு நாயுடு. எதிர்த்து நின்றவர் ராஜாஜி அமைச்சரவையின் சி. சுப்பிரமணியம். அவரை முன்மொழிந்தவர் எம். பக்தவத்சலம். காமராஜருக்கு 93, சுப்பிரமணியத்துக்கு 41. வென்றவர் எதிரணியின் இந்த இருவரையும் அமைச்சர்களாக்கினார். கல்வித் துறை சுப்பிரமணியத்திடமே இருந்தது. அவர் கையாலேயே அந்தக் கல்வித் திட்டம் கைவிடப்பட்டது. மக்களவை உறுப்பினராக இருந்த காமராஜர் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்றபோது, பெரியார் என்று அழைக்கப்பட்ட ஈ.வெ.ரா.வும் அவரை ஆதரித்தார். காஞ்சிபுரத்தில் மூடிய கதவு குடியாத்தத்தில் கொஞ்சம் திறந்தது.

1955 ஜனவரியில் சென்னையை ஒட்டிய ஆவடியில் காங்கிரசின் 60ஆம் மாநாடு யு.என். தேபர் தலைமையில் நடந்தது. பந்தல் இருந்த இடத்துக்குச் சத்தியமூர்த்தி நகர் என்று பெயர். சோஷலிச பாணிச் சமுதாயமே குறிக்கோள் என்ற தீர்மானம் இங்கேதான் நிறைவேறியது. தமிழ்நாட்டு முற்போக்கு அணியின் உச்சம் அது. அந்தப் பாதை ராஜாஜிக்கு ஒத்துவரவில்லை. 1957இல் அவருடைய ஆதரவாளர்கள் காங்கிரஸ் சீர்திருத்தக் கமிட்டியாகத் தனியே போட்டியிட்டார்கள். கூட்டுறவு விவசாயம் பற்றிய நாகபுரித் தீர்மானத்தை எதிர்த்து 1959இல் சுதந்திராக் கட்சி பிறந்தது. 1967இல் அது தி.மு.க.வுடன் சேர்ந்து காங்கிரசை வீழ்த்தியது. விருதுநகரில் காமராஜரே தோற்றார்.

1969இல் அகில இந்தியக் காங்கிரஸ் உடைந்தபோது வங்கி தேசியமயத்தை முன்வைத்து முற்போக்குக் கொடியை இந்திரா காந்தி எடுத்துக்கொண்டார். சிண்டிகேட் எனப்பட்ட மூத்த தலைவர்கள் குழுவுடன் நின்ற காமராஜர் பழைய காங்கிரஸ் ஆனார். புதிய காங்கிரசின் இடைக்காலத் தலைவர் 1954இல் அவரிடம் தோற்ற சி. சுப்பிரமணியம். 1971 தேர்தலில் காமராஜரும் ராஜாஜியும் ஒரே கூட்டணி. முப்பது ஆண்டுக்கு மேல் எதிரெதிரே நின்றவர்கள் ஒரே மேடையில் ஏறியதைத் தொண்டர்கள் வியப்புடன் பார்த்தார்கள். வாக்காளர்கள் அசையவில்லை, தி.மு.க. கூட்டணி பெருவெற்றி பெற்றது. ராஜாஜி 1972 டிசம்பரிலும் காமராஜர் 1975 அக்டோபர் 2ஆம் நாளிலும் மறைந்தார்கள். 1976இல் தமிழ்நாட்டுப் பழைய காங்கிரசின் பெரும்பகுதி ஜி.கே. மூப்பனாரும் மற்றவர்களும் முன்நிற்க இந்திரா காந்தியின் காங்கிரசுடன் இணைந்தது. அதன்பின் மாநிலத் தலைவரைக் கமிட்டி ஓட்டெடுத்துத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் மங்கியது, நியமனம் டெல்லி மேலிடத்திலிருந்து வரலாயிற்று.