மலை நிலமும் பள்ளத்தாக்கு நிலமும்

நிலத்தின் விலையை நிச்சயிப்பது மண்வளம் ஒன்றுதானோ? உடும்பஞ்சோலை மலையையும் அதனடியில் விரிந்த கம்பம் பள்ளத்தாக்கையும் ஒப்புநோக்கின் விடை கிட்டும்.

1895-இல் பெரியாறு அணை முற்றுப்பெற்று, அந்நீர் மலை குடைந்து கிழக்கே பாய்ந்தது. பள்ளத்தாக்கு நஞ்சை வளம் பெற்றது. நீரும் பட்டாவும் ஒருங்கே அமைந்த நிலம், ஐயமின்றிக் கைமாறும் சொத்தாயிற்று.

மேலே ஏலமலையிலோ பசும்பொன் விளைந்தது, உரிமையோ தெளிவுறவில்லை. ஏலம் பயிரிடுவதற்கென்றே குத்தகைக்கு விடப்பட்ட நிலம் அங்கே மிகுதி. 1955-இல் திருவிதாங்கூர்–கொச்சி அரசு, கல்லாறு முதலிய இடங்களில் குடும்பத்துக்கு ஐந்து ஏக்கர் வீதம் அளித்துக் குடியேற்றம் தொடங்கிற்று. 1956 நவம்பர் 1-இல் அம்மலை கேரளத்தைச் சேர்ந்தது. 1977-க்கு முன் காட்டுநிலத்திற் குடியேறியோர்க்குப் பட்டா வழங்கும் விதிகள் 1993-இல்தான் பிறந்தன. ஏலமலை காடா, வருவாய் நிலமா என்னும் வழக்கோ உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

ஆகவே, அருகருகே உள்ள இரு நிலங்களுள், பட்டா உள்ளதையே வாங்குவோர் நாடுவர். பட்டா இல்லாததற்கு விளைச்சல் மிகினும் விலை குன்றும்.

ஏலக்காட்டில் தலைமுறையாய் உழைத்தும், லயத்து அறையன்றிச் சொந்தமாய் ஒரு சென்ட் நிலம் காணாத நம்மவர் பலர். அன்பர்களே! பசுமை கண்டு மயங்காது, பத்திரம் கண்டு நிலம் கொள்வீர். நம் மக்களுக்கு நிலைத்து நிற்பது அதுவே.