உடையின்மையும் உடைமறுப்பும்

தாருகவனத்து முனிவரது செருக்கை ஒழிக்கத் திருவுளங்கொண்ட பெருமான் ஆடையின்றிப் பலிதேர்ந்து சென்றார் என்று புராணங் கூறும். அக்கோலமே பிட்சாடனர் எனச் சிவாலயங்களில் வழிபடப்படுகின்றது. சமண முனிவரது ஆடையின்மையையோ திருநாவுக்கரசர் வன்மையாகக் கடிந்தனர். ஒன்றைத் தொழுது மற்றொன்றைக் கடிதல் முரணாகாதோ எனின், ஆகாது. உடம்பு மாயையின் காரியம், உடையும் அத்தன்மைத்தே. திருவருளை நோக்காது உடையின்மையையே வீட்டுநெறியெனக் கொண்டமை கடியப்பட்டதன்றி, உடையின்மை தன்னளவில் இழிவுமன்று, உயர்வுமன்று என்பதே சைவர் துணிபு.

சட்டமும் இவ்வாறே நோக்கிற்று. 1860-இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 294-ஆம் பிரிவு, பொதுவிடத்தில் பிறர் வெறுக்க ஆபாசச் செயல் புரிதலைக் குற்றமாக்கியது. ஆடையின்மையைப் பெயர் சுட்டிக் கூறவில்லை. கோயிலிலும் தேரிலும் அமைந்த சிற்பங்களை அதன் 292-ஆம் பிரிவு விலக்கிவைத்தது. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 296, 294-ஆம் பிரிவுகள் முறையே இவற்றைத் தழுவியவை.

இனி, தானே துறத்தலின் வேறாய், பிறரை உடுக்கவொட்டாது தடுத்தல் என்பதொன்றுண்டு. தென்காசியும் குற்றாலமும் ஆங்கிலேயரது திருநெல்வேலிச் சீமையில் இருக்க, அவற்றை அடுத்த செங்கோட்டை திருவிதாங்கூர் அரசில் அடங்கியிருந்தது; 1956-இல்தான் தமிழகத்தோடு இணைந்தது. அவ்வரசில் நாடார் முதலிய வகுப்புப் பெண்டிர் மார்பை மேலாடையால் மறைத்தல் தடுக்கப்பட்டது. 1829-ஆம் ஆண்டு அரசாணை, கிறித்து மதம் புக்க பெண்டிர் குப்பாயம் அணிய இசைந்து, உயர்குலத்தார்போலத் தோட்சீலை இடுதலை விலக்கிற்று. பிறர் உடுக்காமை பலவிடத்தும் குற்றமாக, இங்கே உடுத்தலே குற்றமாயிற்று! 1858-இல் நாட்டின் தென்பகுதியில் பெண்டிர் ஆடை கிழிக்கப்பட்டது, கலகம் மூண்டது. சென்னை ஆளுநர் டிரெவெல்யனும் வற்புறுத்தியபின், உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மர் 1859 சூலை 26-இல், எம்மதத்து நாடார் பெண்டிரும் மார்பை மறைக்கலாம் என ஆணையிட்டார். அப்போதும் உயர்குலப் பெண்டிரைப்போல் உடுத்தலாகாது என்னும் வரம்பு ஒழிந்திலது.

தடுத்தோரும் திருக்கோயில் வழிபாடு உடையோரே என்பதைச் சைவர் மறைத்தல் முறையன்று. அடியார்க்குக் கோவணம் அளித்தலையே தொண்டாகக் கொண்டவர் அமர்நீதி நாயனார். தம் பொருள் யாவும் வைத்தும் தட்டு நேர்நில்லாமையால், மனைவியோடும் மகனோடும் தாமே துலையேறினார். அடியார் கந்தையை வெளுத்தலில் உயிர்கொடுக்க முற்பட்டவர் திருக்குறிப்புத்தொண்ட நாயனார். உடுக்கை ஈதலைச் சிவபுண்ணியமென நாயன்மார் நிலைநாட்டியிருக்க, அதனைப் பறித்தற்குச் சாத்திரத்தில் இடம் யாது? குற்றாலத்து அருவி தன்கீழ் நிற்பார்மேல் குலம் வினவாது வீழ்கின்றது. துறத்தல் துறப்பானது உரிமை. மறைத்தல் மறைப்பாளது உரிமை. இரண்டினையும் காத்தலே அறம் என்க.

திருச்சிற்றம்பலம்