சிறகு நட்டும் இடது மரையும்

பழங்காரின் சக்கர நட்டை முடுக்குவதில் வரலாறு என்ன இருக்கிறது என்று வாசகர் கேட்கக்கூடும். அது ஒரு சைக்கிள் நிறுவனத்திலிருந்து தொடங்குகிறது.

தொடக்ககாலக் கார்களில் சக்கரம் எளிதில் கழலாது. டயர் கிழிந்தால் சாலையோரத்திலேயே அதை உரித்தெடுக்க வேண்டும். 1906இல் லெ மான் நகரில் நடந்த முதல் கிராண்ட் பிரி பந்தயத்தில் ரெனோ வென்றதற்கு, கழற்றி மாட்டும் மிஷலின் விளிம்பும் ஒரு காரணம். இங்கிலாந்தின் ரட்ஜ்-விட்வொர்த் சைக்கிள் நிறுவனத்து ஜான் பியூ மேலும் ஒரு படி சென்றார். முழுச் சக்கரத்தையும் பல்வெட்டிய குடத்தின்மீது செருகி, நடுவே ஒற்றை நட்டால் பூட்டினார். 1908இல் பிரெஞ்சு அமைப்பாளர்கள் கழற்றக்கூடிய சக்கரங்களுக்குத் தடை விதித்தனர். நேப்பியர் கார்கள் களமிறங்கவில்லை. தடையைவிடச் சிறந்த விளம்பரம் வேறென்ன?

அந்த நட்டின் நுட்பம் மரையின் திசையில் இருக்கிறது. எம்ஜி, ஜாகுவார் போன்ற பிற்காலக் கார்களிலும் இடப்புறக் குடத்திற்கு வலது மரை, வலப்புறக் குடத்திற்கு இடது மரை. அதாவது, சக்கரம் முன்னோக்கிச் சுழலும் திசைக்கு எதிர்த்திசையில் நட்டு இறுகும். பிரேக் போடும்போது கழன்றுவிடாதா என்றே முதலில் தோன்றும். ஆனால் நட்டின் உட்கூம்பு சக்கரத்தின் வெளிக்கூம்பைக் கவ்வி நிற்கிறது. விரலில் கிடக்கும் தளர்ந்த மோதிரம்போல அது மயிரிழை பெரியது. வண்டியின் எடையால் இரண்டும் தொடும் புள்ளி, குடத்தை வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு சுற்றிலும் பின்னோக்கி ஒரு வட்டமடிக்கிறது. நட்டு அதனோடு சிறிது சிறிதாகப் பின்னோக்கி ஊர்ந்து தானே இறுகுகிறது.

எனவேதான் பழுதுபார்க்கும்போது குடங்களை இடம்வலம் மாற்றிப் பூட்டுவது உயிருக்கே ஆபத்து. எவ்வளவு ஓங்கி அடித்தாலும், ஓடும் சக்கரமே நட்டைக் கழற்றிவிடும். கூம்புகள் சுத்தமாக இருக்க வேண்டும். சக்கரம் தரையைத் தொடாத நிலையில், செம்பு அல்லது ஈயத் தலைச் சுத்தியலால் முதலில் இறுக்க வேண்டும். அப்போதுதான் அது நடுவில் அமரும். வண்டியை இறக்கியபின் மீண்டும் சில அடி. சற்றுத் தொலைவு ஓட்டியபின் மறுபடி ஒரு சோதனை.

நட்டின் சிறகுகள் பாதசாரிகளைக் கிழிக்கும் என்று அஞ்சி அமெரிக்க அரசு 1968 முதல் புதிய கார்களில் அவற்றைத் தடுத்தது. எண்கோண நட்டுகள் வந்தன. விதி 1996இல் நீக்கப்பட்டது.