காஞ்சிபுரத்தில் ஒலிபெருக்கி: வீதியிலிருந்து நெசவாளர் வீட்டுக்கு

காஞ்சிபுரத்தில் ஒலிபெருக்கியின் வரலாறு கோவில் வீதி, கச்சேரி மேடை, பொதுக்கூட்டத் திடல், நெசவாளர் வீடு ஆகிய இடங்களோடு தொடர்புடையது. அதை எங்கே வைப்பது என்ற வழக்கம் முதலில் திறந்தவெளியில் உருவானது. தொலைவுக்குக் கேட்க வேண்டும் என்பதே அங்கு நோக்கம். அந்த வழக்கம் வீட்டுக்குள்ளும் நெடுங்காலம் நீடித்தது. அதனால் நல்ல கருவி வாங்கிய வீடுகளிலும் நல்ல ஒலி கிடைக்காமல் போனது.

புறப்பாட்டில் ஒலியின் வரிசை

மின்சாரம் வருவதற்கு முன்பே, எந்த ஒலி எங்கிருந்து எழ வேண்டும் என்ற ஒழுங்கு காஞ்சிபுரத்துக் கோவில்களில் இருந்தது. வரதராஜப் பெருமாள் கோவில் புறப்பாட்டில் நாதஸ்வரமும் தவிலும் முன்னே செல்லும். திவ்யப் பிரபந்த கோஷ்டி பெருமாளுக்கு முன்னால் ஓதிச் செல்லும். வேதபாராயண கோஷ்டி பின்னால் வரும். இதற்கான காரணம் சமயம் சார்ந்தது. தமிழ் முன்னே செல்ல இறைவன் பின்தொடர்கிறான், மறைகள் இறைவனைத் தேடி வருகின்றன என்பர். ஆயினும் மூன்று ஒலிகளும் ஒன்றையொன்று மூழ்கடிக்காமல் இருக்க இந்த இடைவெளி உதவுகிறது. இக்கோவிலில் யார் எங்கே நின்று ஓதுவது என்பதில் வடகலையாருக்கும் தென்கலையாருக்கும் இடையே எழுந்த வழக்குகள் தலைமுறைகளாக நீதிமன்றங்களில் நடந்தன. ஒலிக்கும் இடம் உரிமையாகவும் கருதப்பட்ட ஊர் இது.

மைக் இல்லாத கச்சேரி

காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை (1889–1934) லய நுட்பத்துக்குப் பெயர் பெற்ற பாடகர். வயலின், மிருதங்கம் ஆகியவற்றுடன் கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் எனப் பலர் உடன் அமரும் ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரிக்கு அவர் புகழ்பெற்றவர். இத்தனை தாள வாத்தியங்களுக்கு நடுவே அவருடைய குரல் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும். அதற்கு இருந்த வழிகள் மூன்று: உரத்த குரல், உயர்ந்த சுருதி, மேடையில் அமரும் ஒழுங்கு. நாயனாப் பிள்ளையின் சிற்றன்னை காஞ்சிபுரம் தனகோடி அம்மாளின் பாடல்கள் கிராமபோன் தட்டுகளில் பதிவாகியுள்ளன. நாயனாப் பிள்ளையின் குரல் அவ்வாறு கிடைக்கவில்லை.

அவர் மறைந்த காலத்தை ஒட்டியே கச்சேரி மேடைகளில் மைக் பரவத் தொடங்கியது. பாடகர்கள் சுருதியைத் தாழ்த்திக்கொள்ளவும் மென்மையாகப் பாடவும் இடம் கிடைத்தது. 1919இல் காஞ்சிபுரத்தில் பிறந்து, சிறுவயதில் நாயனாப் பிள்ளையின் பாட்டைக் கேட்டு வளர்ந்த டி. கே. பட்டம்மாள் இந்தப் புதிய காலத்தின் பாடகர்.

மைக் செட்

பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதம் ஆகிய இருவரும் 1915இல் அமெரிக்காவில் கூம்பு ஒலிபெருக்கியைப் பொதுக்கூட்டத்துக்குப் பயன்படுத்திக் காட்டினர். 1930களில் இந்தியாவில் ‘சிகாகோ ரேடியோ’ என்ற பெயர் தேசிய இயக்க மேடைகளின் மைக்குகளில் இடம்பெற்றது. அப்பெயர் பம்பாயில் இயங்கிய மோட்வானி குடும்ப நிறுவனத்துடையது. காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணாதுரையின் அடுக்குமொழி பெருந்திரளைச் சென்றடைந்ததில் இக்கருவிக்கும் பங்கு உண்டு.

வாடகைக்கு மைக் செட் கட்டுவது பின்னர் ஒரு தொழிலாயிற்று. திருமணம், ஆடி மாதக் கூழ் வார்த்தல், தேர்தல் என எதுவானாலும் கம்பத்திலோ மரத்திலோ குழாய் ஸ்பீக்கர் ஏறியது. கூம்பு வடிவம் குறைந்த மின்திறனில் மிகுந்த ஒலியைத் தரும். ஆனால் வாய் அரை மீட்டர் அகலமே உள்ள குழாயால் தாழ்ந்த ஒலிகளை வெளியிட இயலாது. தவிலின் தொப்பிப் பக்கம் தேய்ந்து கேட்பதும் பேச்சு மட்டும் கூர்மையாகக் கேட்பதும் இதனால்தான்.

மைக் செட்காரர்கள் அனுபவத்தில் கற்ற சில விதிகள் உண்டு. மைக்கைக் குழாய்களின் முன்னால் வைத்தால் ஊளைச் சத்தம் எழும். ஆகவே அது குழாய்களுக்குப் பின்னால் இருக்க வேண்டும். இரண்டு குழாய்களை ஒரே கம்பத்தில் முதுகோடு முதுகு சேர்த்துக் கட்டுவது மற்றொன்று. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. வீதியில் 34 மீட்டர் இடைவெளி விட்டு இரு குழாய்கள் கட்டினால், ஒன்றின் அருகே நிற்பவருக்கு மற்றதன் ஒலி பத்தில் ஒரு நொடி பிந்தி வரும். ஏறத்தாழ 30 முதல் 35 மில்லி நொடிக்குள் பிந்தி வரும் ஒலியைக் காது முதல் ஒலியோடு சேர்த்துக்கொள்கிறது என்று ஜெர்மானியரான ஹெல்முட் ஹாஸ் 1949இல் காட்டினார். அதற்கு மேல் பிந்தினால் சொற்கள் இரட்டிக்கும். தேரடியில் நடக்கும் அறிவிப்பு வீதி நடுவில் புரியாமல் போவதற்கு அளவுக்கு மிஞ்சிய குழாய்களே பெரும்பாலும் காரணம்.

பலகை மேல் வானொலி

சென்னையில் 1924இல் மாகாண ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கியது. அது நின்றபின் 1930இல் மாநகராட்சி அப்பணியை ஏற்றது. மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்து மக்களுக்குக் கேட்கச் செய்தது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியது. சுமார் 75 கிலோமீட்டர் தொலைவிலுள்ள காஞ்சிபுரத்துக்கு வானொலி மெல்ல மெல்ல வீட்டுப் பொருளாக வந்தது. இலங்கை வானொலியும், 1957இல் தொடங்கிய விவித பாரதியும் அதன் தேவையைப் பெருக்கின.

வால்வு வானொலிப் பெட்டியை எட்டாத உயரத்தில், சுவர் மூலையில், பலகை அடித்து வைப்பது வழக்கம். குழந்தைகளின் கைபடக் கூடாது, எல்லா அறைக்கும் கேட்க வேண்டும், வருவோர் கண்ணில் பட வேண்டும் என்பவை காரணங்கள். காதின் வசதி அக்கணக்கில் இல்லை. 1925இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ரைஸ், கெல்லாக் ஆகிய இருவரும் இன்றைய ஒலிபெருக்கியின் அடிப்படையை வெளியிட்டபோதே, தாளின் முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் ஒன்றையொன்று அழிக்கும் என்பதைக் கருத்தில் கொண்டிருந்தனர். வால்வுப் பெட்டியின் முதுகு சூடு தணியத் திறந்தே இருக்கும். அதைச் சுவரோடும் மூலையோடும் நெருக்கினால் தாழ்ந்த ஒலி மிகும். பாட்டு கனமாகக் கேட்கும், சொல் மங்கும்.

தறி இருக்கும் வீடு

பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களில் பல வீடுகள் அகலம் குறைந்து நீளம் மிகுந்தவை. சுவர்கள் அடுத்த வீட்டை ஒட்டியே இருக்கும். பாவு நீளமாக விரிய வேண்டியிருப்பதால் வெளிச்சமும் இடமும் உள்ள பகுதி தறிக்கே போகும். வானொலிக்கு மிஞ்சுவது ஓரமும் உயரமும்தான்.

குழித்தறியில் நெசவாளர் தரைமட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதிகளை மிதிக்கிறார். பல மணி நேரம் ஒரே இடத்தில் அமர்ந்திருப்பவர் அவர். ஒலிபெருக்கியை ஒருவருக்காகச் சரியாக வைப்பதென்றால் அவரைவிட ஏற்றவர் வீட்டில் இல்லை. ஆனால் அவருடைய காது தரையிலிருந்து முக்கால் மீட்டர் உயரத்தில் இருக்க, பெட்டியோ தலைக்கு மேல் இரண்டு மீட்டர் உயரத்தில் இருந்தது. உயர்ந்த ஒலிகள் கதிர்போல நேரே செல்பவை. அவை அவர் தலைக்கு மேலே எதிர்ச்சுவருக்குப் போயின. தாழ்ந்த ஒலி எல்லாப் பக்கமும் பரவும் இயல்புடையது; அது மட்டும் அவரை வந்தடைந்தது. தறியின் அடிப்பும் ஜக்கார்டு பெட்டியின் சத்தமும் சேர்ந்தால் தீர்வு ஒன்றே என்று தோன்றும்: சத்தத்தைக் கூட்டுவது. பெட்டியைத் தறிமேடைக்கு அருகே, காது உயரத்துக்கு இறக்கினால் பாதிச் சத்தமே போதும். கோர்வைப் புடவையில் மூன்று நாடாக்கள் ஓடுவதால் கரையை ஓட்ட எதிர்ப்புறம் துணையாள் ஒருவர் அமர்கிறார். இருவரும் ஒருவருக்கொருவர் குரல் கொடுத்தே நெய்வதால் உரத்த வானொலி வேலையையே கெடுக்கும். பேட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டர் வந்தபின் வானொலி தறிக்கருகே இறங்கியது. இந்த நன்மையைச் செய்தது ஒலியியல் அறிவன்று; கம்பியில்லாத சிறுபெட்டியின் வசதி.

இரண்டு பெட்டிகள்

ஆலன் புளூம்லீன் 1931இல் இங்கிலாந்தில் ஸ்டீரியோவுக்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இளையராஜா இசையமைத்த ‘ப்ரியா’ (1978) படப்பாடல்கள் தமிழில் ஸ்டீரியோவாகப் பதிவான தொடக்கப் பாடல்களாகக் குறிக்கப்படுகின்றன. கேசட்டும் ‘டூ இன் ஒன்’ பெட்டியும் பரவிய 1980களில் தனித்தனி ஸ்பீக்கர்களும் வீடுகளுக்கு வந்தன. பழைய வழக்கப்படி ஒன்று கூடத்திலும் மற்றது உள்ளறையிலும் தொங்கியது. வயலின் ஓர் அறையிலும் தபலா மற்றோர் அறையிலும் கேட்டன. இது ஸ்டீரியோ அன்று.

ஸ்டீரியோவுக்கு இரண்டு ஸ்பீக்கர்களும் கேட்பவரும் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும். மூன்று மீட்டர் அகலமுள்ள கூடத்தில் குறுகிய சுவர்ப் பக்கம் ஸ்பீக்கர்களை 1.8 மீட்டர் இடைவெளியில் வைத்தால் பக்கச்சுவருக்கு இருபுறமும் 60 சென்டிமீட்டர் கிடைக்கும். கேட்பவர் அதே 1.8 மீட்டர் தள்ளி அமர வேண்டும். நாற்காலியில் அமர்வோருக்காகச் செய்த தாங்கிகள், பாயில் அமர்வோருக்கு உயரம் அதிகம். அவற்றைத் தாழ்த்தினாலோ சற்றே முன்சாய்த்தாலோ சரியாகும். சிவப்பு, கறுப்புக் கம்பிகளை ஒரு பெட்டியில் மட்டும் மாற்றிச் செருகினால் தாழ்ந்த ஒலி மறைந்துவிடும். விலையுயர்ந்த பெட்டியின் மேல் பழி போடுமுன் பார்க்க வேண்டியது இது.

அறையின் அளவும் ஒலியில் சேர்ந்துகொள்கிறது. மூன்று மீட்டர் இடைவெளியுள்ள இரு சுவர்களுக்கு நடுவே சுமார் 57 ஹெர்ட்ஸ் ஒலி தங்கி முழங்கும். இது மிருதங்கத்தின் சுருதியைவிடத் தாழ்ந்தது. திரைப்பாடலின் பேஸ் கிட்டாரையே அது பெரிதும் தாக்கும். பாய், திரை, அடுக்கிய துணி ஆகியவை உயர்ந்த ஒலியின் எதிரொலியைக் குறைக்கும். இந்த முழக்கத்தைத் தொடாது. பெட்டியை மூலையிலிருந்து நகர்த்துவதே செலவில்லாத வழி.

சுவருக்கு அப்பால்

சென்னையில் எழுந்த ஒரு வழக்கில், எந்தச் சமயமும் ஒலிபெருக்கி வைத்து வழிபட வலியுறுத்தவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000இல் கூறியது. அதே ஆண்டு வெளியான ஒலிமாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என வரையறுத்தன. தனியார் வைத்திருக்கும் ஒலிக்கருவியின் ஓசை தம் இட எல்லையில் அந்த அளவை 5 டெசிபெலுக்கு மேல் மீறக் கூடாது. சுவரை ஒட்டிச் சுவர் உள்ள தெருவில் அந்த எல்லை என்பது பக்கத்து வீட்டுக் கூடம். உயர்ந்த ஒலியைச் செங்கல் சுவர் பெரும்பாலும் தடுத்துவிடும். தாழ்ந்த முழக்கம் கடந்து செல்லும். சுவரோடு ஒட்டிய ஸ்பீக்கரிலிருந்து அது இன்னும் எளிதாகக் கடக்கும்.