சிண்டிகேட்

புதிய பட்டப்படிப்புக்குத் துறை தரும் முன்மொழிவைப் பாடத்திட்டக் குழு அலசும்: எந்தப் பருவத்தில் எந்தத் தாள், எத்தனை கிரெடிட், செய்முறைக்கு எத்தனை மணி நேரம். அடுத்து கல்விக்குழு, பிறகு சிண்டிகேட். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே புழங்கும் சொல் இது.

மூலம் கிரேக்கத்தின் 'சிண்டிகோஸ்': 'சின்' என்றால் உடன், 'டிகே' என்றால் நீதி. வழக்கில் ஒருவருக்குத் துணைநின்று வாதாடுபவர். லத்தீன், பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்கு வந்தபோது அது ஒரு குழுவின் பெயராயிற்று.

தமிழில் ஆட்சிக்குழு என்கிறோம். அதில் அதிகாரம் தெரிகிறது. பரிந்து பேசும் பொருள் விடுபட்டுவிட்டது. வரப்போகும் மாணவருக்காக அந்த மேசையில் பேச ஒருவர் வேண்டும் என்பதால், பழைய பொருளே எனக்கு உவப்பு.