வளைகோட்டுக்கு முன்னால் ஒரு பொறி: பில் பிலிப்சும் காலத்தின் பொருளியலும்

பொருளியல் படித்த எவருக்கும் ஏ. டபிள்யூ. எச். பிலிப்ஸ் என்ற பெயர் ஒரு வளைகோடாகத்தான் மனத்தில் நிற்கிறது. வேலையின்மை குறைந்தால் கூலி உயர்வு வேகமெடுக்கும், வேலையின்மை கூடினால் அது தணியும் என்று சொல்லும் கோடு அது. 1958இல் ‘எக்கனாமிக்கா’ இதழில் வந்த ஒரே கட்டுரை அவருக்கு அழியாப் புகழைத் தந்தது; அவருடைய மற்ற வேலைகளை மறைத்ததும் அதே கட்டுரைதான். ஒரு பொருளாதாரம் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு எவ்வளவு காலத்தில், எந்த வழியாகப் போய்ச் சேர்கிறது என்ற கேள்வியே பிலிப்சின் ஆய்வு வாழ்க்கை முழுவதையும் செலுத்தியது. அந்தப் பெரிய கணக்கின் ஓர் உறுப்பாகத்தான் வளைகோடு பிறந்தது என்றும், உறுப்பைத் தனியே வெட்டியெடுத்துப் பாடமாக்கியதால் பொருளியல் கல்வி இழந்தது அதிகம் என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

அவர் பொருளியலுக்கு வந்த பாதை வழக்கமானதன்று. 1914இல் நியூசிலாந்தின் டே ரெஹுங்கா என்ற சிற்றூரில் ஒரு பால்பண்ணைக் குடும்பத்தில் பிறந்தார். பதினைந்து வயதில் பள்ளியை விட்டு, நீர்மின் நிலையப் பணியில் தொழிற்பயிற்சியாளராகச் சேர்ந்தார். ஆஸ்திரேலியாவில் முதலை வேட்டை உட்படக் கிடைத்த வேலையெல்லாம் செய்தார். சீனாவுக்குப் புறப்பட்ட நேரத்தில் ஜப்பானின் படையெடுப்பு மூண்டதால், சைபீரிய ரயில் வழியே பிரிட்டன் போய்ச் சேர்ந்து மின்பொறியாளர் தகுதி பெற்றார். இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூரில் இருந்தவர், அது வீழ்ந்தபோது ஜாவாவுக்குத் தப்பிச் சென்று, அங்கே ஜப்பானியரிடம் பிடிபட்டு, மூன்றரை ஆண்டுகள் சிறைமுகாமில் இருந்தார். முகாமில் திருட்டுத்தனமாக வானொலிக் கருவி செய்தவர் இவர். 1946இல் லண்டன் பொருளியல் பள்ளியில் சேர்ந்தபோது எடுத்த பாடம் சமூகவியல். அதில் அவர் பெற்றது சாதாரணத் தேர்ச்சி மட்டுமே.

கெயின்சின் கோட்பாட்டை வகுப்பில் கேட்ட இந்த மின்பொறியாளருக்கு அது குழாயும் தொட்டியுமாகத் தெரிந்தது. வருமானம் பாய்வது, சேமிப்பும் பண இருப்பும் தேங்குவது. பாய்வுக்கும் தேக்கத்துக்கும் உள்ள உறவை வகைக்கெழுச் சமன்பாட்டால் எழுதலாம் என்பது பொறியியலில் அரிச்சுவடி. அதை எழுதிக் காட்டுவதோடு நிற்காமல் ஓடவைத்துக் காட்டவும் முடிவு செய்தார். லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகியிருந்த நண்பர் வால்டர் நியூலின் தம் துறையிலிருந்து நூறு பவுண்டு பெற்றுத் தந்தார். 1949 கோடையில் குரோய்டனில் ஒரு வீட்டுக் கார்க் கொட்டகையில், பழைய ராணுவ உதிரி பாகங்களும் பெர்ஸ்பெக்ஸ் தகடுகளும் கொண்டு பொறி உருவானது. பின்னர் ‘மோனியாக்’ என்று பெயர் பெற்ற அது ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் நீர்க் கணிப்பொறி.

சாயம் கலந்த நீர் தேசிய வருமானமாக உள்ளே வரும். ஒரு பங்கு வரியாகப் பிரியும், ஒரு பங்கு சேமிப்பாக ஒதுங்கும், ஒரு பங்கு இறக்குமதியாக வெளியேறும். அரசுச் செலவும் முதலீடும் ஏற்றுமதியும் மீண்டும் வந்து கலக்கும். வருமானத்துக்கும் நுகர்வுக்கும் உள்ள உறவை மாற்ற வேண்டுமானால், பிளவு வெட்டிய தகட்டைக் கழற்றி வேறு வடிவில் வெட்டியதை மாட்டினால் போதும். ஒவ்வொரு மாற்றத்தின் விளைவையும் பேனா காகிதத்தில் வரைந்துகொண்டே போகும். 1949 நவம்பர் 29 அன்று அப்பள்ளியின் பேராசிரியர் லயனல் ராபின்சின் கருத்தரங்கில் பிலிப்ஸ் இதை ஓட்டிக் காட்டினார். வட்டிவீதத்தைத் தீர்மானிப்பது பண இருப்பா, கடன்நிதியின் பாய்வா என்று கெயின்ஸ் அணியும் பொருளியலாளர் ராபர்ட்சன் அணியும் ஆண்டுக்கணக்காக வழக்காடி வந்தன. ஒரே பொறிக்குள் இரண்டும் சேர்ந்தே இயங்குவதை அவையினர் கண்ணால் பார்த்தார்கள். பின்னர் பொருளியலாளர் ஜேம்ஸ் மீட் இரண்டு பொறிகளை இணைத்து ஒன்றைப் பிரிட்டனாகவும் மற்றொன்றை அமெரிக்காவாகவும் வைத்து, மாணவர்களிடமே நிதியமைச்சர் பொறுப்பைக் கொடுத்துப் பாடம் நடத்தினார்.

இதை வெறும் வகுப்பறைக் காட்சிப்பொருளாக வரலாற்றாசிரியர்கள் சிலர் தள்ளிவிடுவது தவறு. பல சமன்பாடுகளை ஒரே நேரத்தில், அதுவும் நேர்கோட்டில் அடங்காத உறவுகளோடு, தீர்த்துத் தரும் கருவி அன்றைய பொருளியல் துறைகளில் அரிது. பொறியின் உண்மையான கொடை அது எழுப்பிய கேள்வி. வால்வை ஒருமுறை திருப்பியதும் நீர்மட்டம் நேராகப் புதிய நிலைக்குப் போவதில்லை. தாண்டிப் போய், திரும்பி, அலைந்துதான் அடங்குகிறது. அரசின் கொள்கையும் இப்படித்தான் அலைக்கழிக்குமா?

அதற்கான விடைதான் 1954இல் ‘எக்கனாமிக் ஜர்னல்’ வெளியிட்ட, நிலைப்படுத்தும் கொள்கை பற்றிய கட்டுரை. பிலிப்ஸ் எழுதியவற்றுள் ஆழமானது எது என்று கேட்டால் இதையே சொல்ல வேண்டும். தேவை குறைந்து உற்பத்தி சரிகிறது. அரசு செலவைக் கூட்டித் தூக்க நினைக்கிறது. எந்த விதிப்படி கூட்டுவது? கட்டுப்பாட்டுப் பொறியியலிலிருந்து மூன்று விதிகளை எடுத்து வந்தார். இன்றைய பற்றாக்குறைக்கு ஏற்ற அளவில் செலவிட்டால் சரிவு குறையும், ஆனால் முழுதும் மறையாது. பற்றாக்குறை மறைந்தால் செலவும் நின்றுவிடுமே. இதுவரை சேர்ந்த பற்றாக்குறை முழுவதற்கும் ஏற்பச் செலவிட்டால் சரிவு இறுதியில் தீரும், ஆனால் அதற்குள் ஊசலாட்டம் கிளம்பிவிடும். கடைமடை விவசாயி நீர் வரவில்லையே என்று மதகை மேலும் மேலும் திறந்துவிட்டு, வந்து சேரும்போது பயிர் மூழ்க நிற்பதைப் போன்றது இது. மூன்றாவது விதி மாற்றத்தின் வேகத்துக்கு எதிர்வினை செய்வது. ஊசலாட்டத்தை அடக்குவது அதன் வேலை. மூன்றும் தக்க அளவில் கலந்தால்தான் நிலைப்பு கிடைக்கும் என்று அவர் எண்களால் காட்டினார்.

1957இல் இன்னும் ஒரு படி மேலே போனார். இப்போது நீருக்குப் பதில் மின்சுற்று: தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் மின்னணு ஒப்புமைக் கணிப்பொறிகளில் தம் மாதிரிகளை ஓட்டினார். தாமதத்தின் மொத்த நீளம் போலவே அதன் வடிவமும் முக்கியம் என்று கண்டார். விளைவு உடனே தொடங்கி மெல்லத் தேய்கிறதா, சில மாதம் ஒன்றும் நடக்காமல் பிறகு திரண்டு வருகிறதா என்பதைப் பொறுத்து, ஓரிடத்தில் நிலைப்புத் தந்த அதே கொள்கை வேறிடத்தில் பொருளாதாரத்தையே உதறியெறியக்கூடும். நல்ல நோக்கத்தோடு செய்யும் தலையீடு நோயைப் பெரிதாக்கலாம் என்ற எச்சரிக்கையை, தலையீட்டை நம்பிய ஒருவரே கணக்கிட்டுச் சொன்னார். அந்த நேர்மைக்காகவே அவரைப் போற்றலாம்.

ஆக, தாமதங்களையும் உறவுகளையும் தரவுகளிலிருந்து அளக்காமல் கொள்கை வகுக்க முடியாது. 1959இல் ‘பயோமெட்ரிகா’ இதழில் தொடர்கால வகைக்கெழுச் சமன்பாடுகளின் கெழுக்களை மதிப்பிடும் முறையைப் பற்றி எழுதியது இந்தத் தேவையிலிருந்துதான். 1958இன் புகழ்பெற்ற கட்டுரையும் இங்கேதான் பொருந்துகிறது. 1954இன் மாதிரியிலேயே உற்பத்தி நிலைக்கும் விலை மாறும் வேகத்துக்கும் ஒரு வளைந்த உறவை அவர் ஊகித்து வைத்திருந்தார். அந்த இணைப்பை பிரிட்டனின் 1861 முதல் 1957 வரையிலான கூலி, வேலையின்மைத் தரவுகளில் தேடிப் பார்த்ததே 1958இன் முயற்சி. உற்பத்தித்திறன் ஆண்டுக்கு 2 சதவீதம் உயர்ந்தால், 2.5 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான வேலையின்மையில் விலை நிலைத்திருக்கும் என்றும், கூலி நிலைத்திருக்கச் சுமார் 5.5 சதவீதம் வேண்டும் என்றும் கணக்கிட்டார்.

பாடநூல்கள் உதிர்த்துவிட்ட ஒரு பகுதி அக்கட்டுரையில் உண்டு. ஆண்டுப் புள்ளிகளை வரிசையாக இணைத்தால் அவை கோட்டின் மேல் அமராமல் அதைச் சுற்றிக் கண்ணிகளாக ஓடுவதை அவர் கவனித்தார். அதே அளவு வேலையின்மை இருந்தாலும், அது குறைந்துவரும் ஆண்டில் கூலி வேகமாக ஏறுகிறது. கூடிவரும் ஆண்டில் மந்தமாக ஏறுகிறது. அதாவது நிலையோடு திசையும் பேசுகிறது. இறக்குமதி விலையால் ஏறும் வாழ்க்கைச் செலவையும் தனிக் காரணியாகப் பிரித்து வைத்தார். அசைவற்ற கோட்டை வரைந்தவர் என்று பெயர் வாங்கியவரின் கட்டுரையே அசைவைப் பற்றியது.

1960இல் பொருளியலாளர்கள் சாமுவெல்சனும் சோலோவும் அந்தக் கோட்டை அமெரிக்காவுக்குப் பொருத்தி, வேலையின்மைக்கும் பணவீக்கத்துக்கும் இடையே அரசு தேர்ந்துகொள்ளத்தக்க பட்டியலாக முன்வைத்தார்கள். கொள்கையுலகம் அதைப் பற்றிக்கொண்டது. 1960களின் இறுதியில் ஃபிரீட்மனும் ஃபெல்ப்சும், மக்கள் பணவீக்கத்தை எதிர்பார்க்கத் தொடங்கினால் கோடே இடம்பெயரும் என்று மறுத்தார்கள். 1970களில் பணவீக்கமும் வேலையின்மையும் சேர்ந்தே ஏறி அதை மெய்ப்பித்தன. இத்தனைக்கும், எதிர்பார்ப்புகள் அனுபவத்துக்கேற்ப மெல்ல மாறுவதைச் சமன்பாடாக்கும் வழியை 1952இல் லண்டனில் தமக்கு எழுதிக் காட்டியவர் பிலிப்ஸ்தான் என்று ஃபிரீட்மனே பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

பிலிப்சுக்கு எதிராக வைக்கத்தக்க வலுவான வாதம் வேறொன்று. அவருடைய பொறியில் ஓடும் நீருக்கு வால்வு அடுத்து எப்பக்கம் திரும்பும் என்று ஊகிக்கத் தெரியாது, மனிதர்களுக்குத் தெரியும். கொள்கை மாறினால் மக்களின் நடத்தை மாறும், எனவே பழைய தரவில் அளந்த உறவுகள் நம்பத்தக்கவை அல்ல என்று 1976இல் லூக்கஸ் காட்டினார். மக்களின் இன்றைய முடிவுகள் எதிர்காலக் கொள்கை பற்றிய எதிர்பார்ப்பைச் சார்ந்திருப்பதால், கொள்கை வகுக்க உகந்த கட்டுப்பாட்டுக் கணக்கு பொருந்தாது என்று 1977இல் கிட்லண்டும் பிரெஸ்காட்டும் நிறுவினார்கள். இந்தக் குறைபாடு மெய், மறைக்கத் தேவையில்லை. ஆனால் 1968இல் வெளிவந்த தம் ஆய்வில் பிலிப்சே இதன் அருகே வந்துவிட்டார். அரசு ஏற்கெனவே ஏதோ ஒரு விதிப்படி கட்டுப்படுத்திய காலத்தின் தரவிலிருந்து, கட்டுப்பாடற்ற பொருளாதாரத்தின் உறவுகளைப் பிரித்தறிவது அரிது என்ற இடரை அவர் எழுப்பினார். 1967இல் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று சீனப் பொருளாதார ஆய்விலும் இறங்கியிருந்தவரைப் பக்கவாதம் வீழ்த்தியது. 1975இல் ஆக்லாந்தில் காலமானார். தாம் எழுப்பிய அந்த இடரைத் தீர்க்க அவருக்கு ஆயுள் இடம் தரவில்லை.

இன்றைய மைய வங்கிகள் எண்முறைக் கணினிகளில் ஓட்டும் மாதிரிகளில் எதிர்பார்ப்புகள் இருக்கின்றன, தற்செயல் அதிர்ச்சிகள் இருக்கின்றன. ஆனாலும் விதி, பின்னூட்டம், தாமதம் என்ற எலும்புக்கூடு பிலிப்ஸ் போட்டதே. பணவீக்க இடைவெளிக்கும் உற்பத்தி இடைவெளிக்கும் ஏற்ப வட்டியை நகர்த்தச் சொல்லும் 1993ஆம் ஆண்டின் டெய்லர் விதி, அவருடைய முதல் விதியின் வாரிசு. பொருளியல் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: வளைகோட்டைக் கரும்பலகையில் வரைவதற்கு முன் 1954ஆம் ஆண்டுக் கட்டுரையை வகுப்பில் வாசியுங்கள், அதன் மூன்று விதிகளையும் ஒரு சாதாரணக் கணினியில் மாணவர்களே ஓட்டிப் பார்க்கட்டும்.